ஒரே லிஸ்ட், ஒவ்வொரு பிரௌசர்லயும் ஒவ்வொரு மாதிரி வருது, புள்ளி எங்க காணாமப் போகுது?

நூல்கண்டு

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா வெப் பக்கத்துல ஒரு சாதாரண யூஎல் லிஸ்ட்டோட (நம்பர் இல்லாம புள்ளி வெச்சு வர்றது) மல்லுக்கட்டிட்டு இருக்கேன், தனியா இதுக்கு மேல முடியலை, அதான் இங்க கேக்குறேன். ஒரு பக்கத்துல கார்டு மாதிரி ஒரு பெட்டி, அதுக்குள்ள ஏழு வரி லிஸ்ட், அவ்வளவுதான் விஷயம். சிஎஸ்எஸ் ஃபைலோட (பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற ஃபைல்) முதல் வரிலயே எல்லா எலிமென்ட்டுக்கும் சேர்ற மாதிரி ஸ்டார் போட்டு மார்ஜின் (வெளி இடைவெளி) 0, பேடிங் (உள் இடைவெளி) 0ன்னு குடுத்திருக்கேன், ஆரம்பத்துல கத்துக்கும்போது அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க, அதனால எல்லா ப்ராஜெக்ட்லயும் அது இருக்கும்.

லேப்டாப் குரோம்ல புள்ளி அழகா வருது. போன்ல சஃபாரில திறந்தா புள்ளியைக் காணோம், உத்துப் பாத்தா பெட்டியோட இடது ஓரத்துல பாதி புள்ளி வெட்டுப்பட்ட மாதிரி தெரியுது.

ரெண்டாவது, இன்னொரு லிஸ்ட்ல புள்ளிக்குப் பதிலா டிக் அடையாளம் வேணும்னு எல்ஐ-க்கு (லிஸ்ட்டோட ஒவ்வொரு ஐட்டமும் ஒரு எல்ஐ) மார்க்கர் சூடோ எலிமென்ட் (அந்தப் புள்ளியை மட்டும் குறிக்கறது) போட்டு கன்டென்ட்ல டிக்கை வெச்சேன், கலர் பச்சை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுலயும் பச்சை டிக் வருது, சஃபாரில பச்சைப் புள்ளி வருது. கலரை மட்டும் எடுத்துக்கிட்டு டிக்கை ஏன் விட்டுச்சுன்னு புரியவே இல்ல.

அப்புறம் ஒரு ஓஎல் லிஸ்ட் (நம்பர் போட்டு வர்றது), மொத்தம் 112 ஐட்டம், அதுக்கு பேடிங்-லெஃப்ட் 20 பிக்சல் வெச்சிருக்கேன். 99 வரைக்கும் ஒழுங்கா இருக்கு, 100க்கு மேல முதல் இலக்கம் பாதி காணாமப் போகுது, 104ங்கறது 04 மாதிரி தெரியுது. இது எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு, ஏன்னா படிக்கிறவங்க நம்பரைச் சொல்லித்தான் பேசிக்குவாங்க, தப்பா படிச்சிருவாங்க.

கடைசியா இன்னொண்ணு, இடது பக்கம் ஃப்ளோட் பண்ணின (ஓரமா ஒதுக்கி, பக்கத்துல எழுத்து ஓட விட்ட) படம், பக்கத்துல லிஸ்ட், புள்ளி எல்லாம் படத்து மேல ஏறி உக்காந்திருக்கு.

எல்லா பிரௌசர்லயும் ஒரே மாதிரி வர வைக்க ஒரே ஒரு கோடு இருக்கா? தெரிஞ்சவர் ஒருத்தர் லிஸ்ட்-ஸ்டைல் நன் (புள்ளியே வேண்டாம்) போட்டுட்டு எல்லாப் புள்ளியையும் பிஃபோர்ல (ஐட்டத்துக்கு முன்னாடி சிஎஸ்எஸ்ல சேக்கற சூடோ எலிமென்ட்) நாமளே வரைஞ்சுக்கணும், அதுதான் ஒரே வழின்னாரு. அப்படியே செஞ்சிரலாமா?

---

தறிச்சத்தம்

நூல்கண்டு, முதல்ல ஒரு சின்ன சோதனை பண்ணிட்டு வாங்க. லேப்டாப் குரோம்லயே விண்டோவை இழுத்து போன் அகலத்துக்குச் சுருக்குங்க. புள்ளி அங்கயும் வெட்டுப்பட்டா சஃபாரி மேல குத்தம் இல்ல. எனக்கென்னமோ அப்படித்தான் இருக்கும்னு படுது, ஏன்னா உங்க பெட்டிக்கு முனை வளைவா இருக்கணும்னு ஓவர்ஃப்ளோ ஹிடன் (பெட்டிக்கு வெளிய போறதை வெட்டிடும்) குடுத்திருப்பீங்க, சின்ன திரைக்கு மீடியா குவரில (திரை அகலத்தைப் பொறுத்து மாறுற சிஎஸ்எஸ்) பெட்டியோட பேடிங்கையும் குறைச்சிருப்பீங்க.

லிஸ்ட் விஷயத்துல மனசுல பதிய வேண்டியது இது ஒண்ணுதான்: புள்ளி எல்ஐ-க்குள்ள இல்ல. லிஸ்ட்-ஸ்டைல்-பொசிஷனோட டீஃபால்ட் அவுட்சைட், அப்படின்னா புள்ளி எல்ஐ பெட்டிக்கு வெளிய இடது பக்கமா தொங்கிக்கிட்டு இருக்கு. அது தொங்குறதுக்கு இடம் குடுக்கறது யாருன்னா அப்பா எலிமென்ட்டான யூஎல், அதோட 40 பிக்சல் பேடிங். அந்த 40 பிக்சல் பிரௌசரோட சொந்த ஸ்டைல்ஷீட்ல இருந்து வருது, குரோம் டெவ்டூல்ஸ்ல (பக்கத்தோட கோடைப் பாக்கற கருவி) யூஎல்-ஐ கிளிக் பண்ணினா ஸ்டைல்ஸ் பேனல்ல கீழ யூசர் ஏஜென்ட் ஸ்டைல்ஷீட்னு போட்டு பேடிங்-இன்லைன்-ஸ்டார்ட் (வரி ஆரம்பிக்கற பக்கத்து பேடிங், நமக்கு இடது) 40 பிக்சல்னு காட்டும், மேலயும் கீழயும் 1 எம் (எழுத்தோட அளவை வெச்சு வர்ற அலகு) மார்ஜினும் காட்டும். நீங்க ஸ்டார் போட்டு பேடிங்கை 0 ஆக்கினதும் புள்ளி அழியலை, அது தங்கியிருந்த இடம்தான் அழிஞ்சுது. அது போய் பெட்டியோட பேடிங்ல ஒண்டிக்கிச்சு. பெரிய திரைல பெட்டிக்கு 24 பிக்சல் பேடிங் இருந்தா புள்ளி அங்க தாராளமா நிக்கும், எல்லாம் சரியா இருக்கற மாதிரியே தெரியும், அதான் லேப்டாப்ல உங்களுக்குத் தெரியாமப் போச்சு. போன்ல அதையும் குறைச்சா ஓவர்ஃப்ளோ ஹிடன் வெட்டிடும்.

ஓஎல் கதையும் அதே கதைதான். நம்பர் வலது பக்கம் ஒட்டி நிக்கும், இலக்கம் கூடக் கூட இடது பக்கமா வளரும். 16 பிக்சல் எழுத்துல ரெண்டு இலக்கம், ஒரு புள்ளி, ஒரு இடைவெளி எல்லாம் சேந்தா சுமாரா 26 பிக்சல் வரும், மூணு இலக்கம்னா 35 கிட்ட. நீங்க குடுத்தது 20, பெட்டியோட பேடிங் ஒரு 8 இருந்தா மொத்தம் 28. அதான் 99 வரைக்கும் பொழைச்சுது. அந்த லிஸ்ட்டுக்கு மட்டும் பேடிங்-இன்லைன்-ஸ்டார்ட் 3 எம் குடுங்க, யூஎல்-க்கு 1.5 எம் போதும். எம்-ல குடுக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, எழுத்தைப் பெருசாக்கினா நம்பரும் பெருசாகும், பிக்சல்ல வெச்ச பேடிங் அப்படியே நிக்கும், அப்ப மறுபடி வெட்டுப்படும்.

---

நூல்கண்டு

அண்ணா, நீங்க சொன்னது அப்படியே சரி. விண்டோவைச் சுருக்கினதும் குரோம்லயே புள்ளி பாதியா வெட்டுப்பட்டுச்சு!! மீடியா குவரில பெட்டியோட பேடிங் 24ல இருந்து 8 ஆகுது, ஓவர்ஃப்ளோ ஹிடனும் இருக்கு, ரெண்டும் நான் எழுதினதுதான். நாலு நாளா சஃபாரிக்குன்னு தனியா என்ன எழுதறதுன்னு தேடிட்டு இருந்தேன். 3 எம் குடுத்ததும் 112 வரைக்கும் எல்லா நம்பரும் முழுசா தெரியுது, ரொம்ப நன்றி.

லிஸ்ட்-ஸ்டைல்-பொசிஷன் இன்சைட்னு போட்டா வெட்டுப்படவே படாதுல்ல, அதை ஏன் யாரும் சொல்லலை? போட்டுப் பாத்தேன், புள்ளி உள்ள வந்துருச்சு, ஆனா சில ஐட்டத்துல புள்ளி மட்டும் தனியா ஒரு வரில நிக்குது, எழுத்து அடுத்த வரிக்குப் போயிருச்சு.

---

தறிச்சத்தம்

அந்த சில ஐட்டத்துல எல்ஐ-க்குள்ள பி டேக் (பத்தி) இல்லன்னா ஹெச்3 (தலைப்பு) இருக்கும், பாருங்க. இன்சைட் போட்டா புள்ளி வரிக்குள்ள வர்ற ஒரு எழுத்து மாதிரி ஆயிடுது, அடுத்து வர்றது அது மாதிரி பிளாக் எலிமென்ட்டா இருந்தா அது புது வரில ஆரம்பிக்குது. அது போக, நீளமான ஐட்டம் ரெண்டாவது வரிக்கு மடங்கும்போது எழுத்து புள்ளிக்கு நேர் கீழ வந்து நிக்கும், கண்ணால மேலோட்டமா பாத்து வர்றவங்களுக்கு எங்க புது ஐட்டம் ஆரம்பிக்குதுன்னே தெரியாது. ஒரே வரி ஐட்டம்னா இன்சைட் ஓகே, மத்தபடி நான் போடமாட்டேன்.

---

பழையகோடு

ரொம்ப வருஷமா இந்த வேலைல இருக்கேன், அந்த ஸ்டார் வரி எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன், தெரிஞ்சா அதை எப்ப விடலாம்னும் புரியும்.

அந்தக் காலத்துல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் லிஸ்ட்டை உள்ள தள்ளுறதுக்கு மார்ஜின்-லெஃப்ட்டைப் பயன்படுத்துச்சு, ஃபயர்ஃபாக்ஸ் அதே வேலைக்குப் பேடிங்-லெஃப்ட்டைப் பயன்படுத்துச்சு. பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனா நீங்க மார்ஜின் 0ன்னு மட்டும் எழுதினா ஒண்ணுல லிஸ்ட் இடது ஓரத்துக்கு ஓடிடும், இன்னொண்ணுல அசையாம நிக்கும். அதனால ரெண்டையும் சேத்து 0 ஆக்கிட்டு அப்புறம் நமக்கு வேணும்ங்கறதை எழுதறதுதான் வழின்னு ஆச்சு. எரிக் மேயரோட ரீசெட் (பிரௌசரோட ஸ்டைலை அழிச்சுட்டு ஆரம்பிக்கற ரெடிமேட் சிஎஸ்எஸ்) 2007ல வந்துச்சு, அதுவும் லிஸ்ட்டோட மார்ஜின் பேடிங் ரெண்டையும் 0 ஆக்கி லிஸ்ட்-ஸ்டைலையும் நன் ஆக்கும். அன்னைக்கு அது இல்லாம வேலை ஓடாது. இன்னொரு கொடுமை, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 வரைக்கும் ஓஎல்-குள்ள இருக்கற எல்ஐ-க்கு ஒரு அகலம் குடுத்தாலோ ஸூம் 1 போட்டாலோ எல்லா நம்பரும் 1, 1, 1ன்னே வரும், அதைக் கண்டுபிடிக்க ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன்.

இப்ப நிலைமை அப்படி இல்ல. ஹெச்டிஎம்எல் ஸ்டாண்டர்ட்லயே பிரௌசர் எந்த எலிமென்ட்டை எப்படிக் காட்டணும்னு ஒரு பகுதி இருக்கு, யூஎல் ஓஎல் ரெண்டுக்கும் பேடிங்-இன்லைன்-ஸ்டார்ட் 40 பிக்சல்னு அதுல எழுதியிருக்கு, குரோம் ஃபயர்ஃபாக்ஸ் சஃபாரி மூணும் அதையே பின்பற்றுது. இன்னமும் மாறுறது புள்ளியோட அளவும், புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளியும், அதை ஸ்பெக் (ஸ்டாண்டர்ட் விதிகள்) பிரௌசர் கையிலயே விட்டிருக்கு. ரெண்டு மூணு பிக்சல் வித்தியாசம் வரும், அதை நேராக்கப் போராடாதீங்க, ரெண்டு பிரௌசரைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு யாரும் படிக்கிறதில்ல.

அதனால நான் சொல்றது, ஸ்டார் வரில இருந்து லிஸ்ட்டை விடுவிச்சிடுங்க. மெனு மாதிரி இடத்துக்கு மட்டும் ஒரு கிளாஸ் வெச்சு 0 ஆக்குங்க. ஃப்ரேம்வொர்க் ஏதாவது ஏற்கனவே எல்லாத்தையும் அழிச்சிருந்தா, உதாரணமா டெயில்விண்ட் தன்னோட பேஸ் ஸ்டைல்ல லிஸ்ட்-ஸ்டைல் நன், மார்ஜின் 0, பேடிங் 0 எல்லாம் போட்டுடும், அப்ப கட்டுரை வர்ற பகுதிக்குள்ள இருக்கற யூஎல் ஓஎல்-க்கு மார்ஜின், பேடிங், லிஸ்ட்-ஸ்டைல் மூணுக்கும் ரிவர்ட்னு எழுதுங்க, பிரௌசரோட சொந்த ஸ்டைல் திரும்பி வந்துரும். இனிஷியல்னு எழுதிடாதீங்க, நிறைய பேர் தடுக்கி விழற இடம் இது. இனிஷியல்னா அந்தப் ப்ராப்பர்ட்டியோட ஆரம்ப மதிப்பு, பேடிங்குக்கு அது 0, லிஸ்ட்-ஸ்டைல்-டைப்புக்கு அது டிஸ்க், அதனால ஓஎல்-ல நம்பருக்குப் பதிலா புள்ளி வந்து நிக்கும்.

படத்து மேல புள்ளி ஏறுறதுக்கு: ஃப்ளோட் ஆன படம் வரிகளை மட்டும்தான் தள்ளும், யூஎல்-ஓட பெட்டியைத் தள்ளாது. பெட்டி படத்துக்கு அடியில இருந்தே ஆரம்பிக்குது, அதோட பேடிங்கும் படத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு, எழுத்து மட்டும் படத்தைத் தாண்டி வந்துருச்சு, எழுத்துக்கு இடது பக்கம் தொங்குற புள்ளி படத்து மேல விழுது. யூஎல்-க்கு டிஸ்ப்ளே ஃப்ளோ-ரூட் குடுங்க, பெட்டியே படத்துக்கு வலது பக்கமா நகந்துரும், பேடிங் 1.5 எம் இருந்தா புள்ளிக்கும் இடம் கிடைச்சிரும். சில பேர் இதுக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் போடுவாங்க, அதுவும் பெட்டியை நகத்தும், ஆனா பேடிங் 0ஆ இருந்தா புள்ளியை வெட்டிடும், மறுபடி முதல் பிரச்சினைக்கே வந்து நிப்பீங்க.

---

வெண்சங்கு

டிக் விஷயத்துக்கு நான் சொல்றேன், அதுக்கப்புறம் இன்னொரு விஷயம் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

மார்க்கருக்குள்ள எல்லாப் ப்ராப்பர்ட்டியும் வேலை செய்யாது. எழுத்து சம்பந்தப்பட்டது, கலர், கன்டென்ட், இன்னும் ஒண்ணு ரெண்டு, அவ்வளவுதான் ஸ்பெக் அனுமதிக்குது, மார்ஜின் பேடிங் பேக்ரவுண்ட் எதுவும் எடுக்காது. இதுல சஃபாரி கலரையும் எழுத்து அளவையும் மட்டும் எடுத்துக்கும், கன்டென்ட்டை எடுக்காது, அதான் பச்சைப் புள்ளி. இதுக்கு பிஃபோர் தேவையே இல்ல, லிஸ்ட்-ஸ்டைல்-டைப்புக்கு நேரா மேற்கோள் குறிக்குள்ள டிக்கை எழுதிடுங்க, அந்த மாதிரி ஸ்ட்ரிங் குடுக்கறது சஃபாரி 14.1ல இருந்து வேலை செய்யுது, மத்த ரெண்டுலயும் அதுக்கு முன்னாடியே வந்துருச்சு. பச்சைக் கலர் மார்க்கர்லயே இருக்கட்டும். ஒண்ணு மட்டும் கவனிங்க, ஸ்ட்ரிங் குடுக்கும்போது பிரௌசர் தானா இடைவெளி விடாது, டிக் எழுத்தோட ஒட்டிக்கும், மேற்கோள் குறிக்குள்ளயே டிக்குக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விடுங்க.

இப்ப அந்த முக்கியமான விஷயம். எல்லா லிஸ்ட்டுக்கும் லிஸ்ட்-ஸ்டைல் நன் போட்டுடலாமான்னு கேட்டீங்க, தயவுசெஞ்சு வேண்டாம். பார்வை இல்லாதவங்க ஐபோன்லயும் மேக்லயும் வாய்ஸ்ஓவர் வெச்சு கேப்பாங்க, லிஸ்ட் வந்தா இது லிஸ்ட், ஏழு ஐட்டம்னு அது சொல்லும், எவ்வளவு இருக்கு, எங்க முடியுதுன்னு அவங்களுக்கு அதுல இருந்துதான் தெரியும். சஃபாரில லிஸ்ட்-ஸ்டைல் நன் போட்ட யூஎல்-ஐ லிஸ்ட்டாவே கணக்குல எடுத்துக்காது, வெறும் வரி வரியா வாசிச்சிட்டுப் போயிடும். இது தெரியாம நடந்த பிழை இல்ல, வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க, ஏன்னா எதுக்கெடுத்தாலும் யூஎல் போட்டு புள்ளியை எடுத்துடற பழக்கம் வந்ததும் ஒரு பக்கத்துல இருபது தடவை லிஸ்ட் லிஸ்ட்னு கேட்டு ஆளுங்களுக்கு அலுத்துப் போச்சு. நாவ் டேக்குக்குள்ள (மெனு வைக்கற டேக்) இருக்கற லிஸ்ட்டை மட்டும் அது லிஸ்ட்டாவே விட்டுடும்.

நான் ஒரு செய்முறை லிஸ்ட் செஞ்சேன், பன்னெண்டு படி, அழகுக்காக நன் போட்டு பிஃபோர்ல வட்டத்துக்குள்ள நம்பர் வரைஞ்சேன். பயன்படுத்தின ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, எத்தனை படின்னு தெரியாம நடுவுல முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு நிறுத்திட்டேன்னு. அதைப் படிச்சதுல இருந்து நன் எழுதற ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன். கட்டாயம் நன் வேணும்னா யூஎல் டேக்லயே ரோல் லிஸ்ட்னு எழுதிடுங்க, மறுபடி லிஸ்ட்டா வாசிக்கும். வேலிடேட்டர் (கோடுல பிழை பாக்கற கருவி) இது தேவையில்லாத ரோல்னு எச்சரிக்கை குடுக்கும், குடுக்கட்டும், எடுத்துடாதீங்க.

---

கரும்பலகை

வெண்சங்கு சொன்னது ஏத்துக்கிறேன், ஆனா பிஃபோரே வேண்டாம்ங்கறது கொஞ்சம் அதிகம். டிசைனர் ஐகானுக்கும் எழுத்துக்கும் நடுவுல சரியா 12 பிக்சல் வேணும், பின்னாடி மஞ்சள் வட்டம் வேணும்னு கேட்டா மார்க்கரால முடியாது, லிஸ்ட்-ஸ்டைல்-இமேஜ்ல படத்தோட அளவை மாத்த வழியே இல்ல. அந்த இடத்துல எல்ஐ-க்கு பொசிஷன் ரிலேட்டிவ், பேடிங் 2 எம், பிஃபோருக்கு அப்சல்யூட், லெஃப்ட் 0ன்னு எழுதறதுதான் ஒரே வழி, கூடவே ரோல் லிஸ்ட். பிஃபோர்ல வைக்கற டிக்கை ஸ்க்ரீன் ரீடர் வாயால வாசிச்சிடும், அது வேண்டாம்னா கன்டென்ட்ல டிக்குக்கு அப்புறம் ஒரு சாய்வுகோடு போட்டு காலியா மேற்கோள் குறி வைங்க, வாசிக்காது. பழைய பிரௌசர் அந்த வரியை மொத்தமா தூக்கிப் போட்டுடும், அதனால முன்னாடி சாய்வுகோடு இல்லாத சாதா வரியையும் எழுதிடணும்.

---

வெண்சங்கு

இது சரி, நான் எல்லா இடத்துலயும் வேண்டாம்னு சொல்ல வரலை, தேவைப்படற இடத்துல மட்டும் போடுங்கன்னுதான் சொல்றேன். ஒண்ணு சேத்துக்கறேன், ஓஎல்-க்கு 2.1, 2.2 மாதிரி உள்ளுக்குள்ள நம்பர் வேணும்னா பிஃபோர்ல கவுன்டர்ஸ் (தானா எண்ணிக்கிற சிஎஸ்எஸ் வசதி) வெச்சு நடுவுல புள்ளி போட்டு எழுதலாம். கையால 2.1ன்னு டைப் பண்ணி வெச்சுட்டா நடுவுல ஒரு ஐட்டம் சேக்கும்போது எல்லாத்தையும் திருப்பி எழுதணும்.

---

நூல்கண்டு

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. இன்னைக்கு உக்காந்து மொத்தத்தையும் மாத்திட்டேன். ஸ்டார் வரியை எடுத்துட்டேன், யூஎல்-க்கு 1.5 எம், பெரிய ஓஎல்-க்கு 3 எம், படத்துப் பக்கத்துல இருக்கறதுக்கு ஃப்ளோ-ரூட், டிக்குக்கு ஸ்ட்ரிங். போன்லயும் பாத்தாச்சு, டிக் வருது! வாய்ஸ்ஓவர் ஆன் பண்ணி முதல் தடவையா என் பக்கத்தை நானே கேட்டேன், லிஸ்ட், ஏழு ஐட்டம்னு சொல்லுச்சு, அதைக் கேக்கும்போது ஒரு மாதிரி சந்தோஷமா இருந்துச்சு. கீழ இருக்கற ஐகான் லிஸ்ட்டு நன் போட்டது, அதுல லிஸ்ட்டுன்னு சொல்லவே இல்ல, ரோல் சேத்ததும் சொல்லுச்சு.

ரெண்டு சந்தேகம் மட்டும் பாக்கி. மேல இருக்கற மெனு யூஎல்-க்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் போட்டிருக்கேன், ஃப்ளெக்ஸ் போட்டா புள்ளி போயிடும்னு நெனச்சேன், ஆனா ரெண்டாவது ஐட்டத்தோட புள்ளி முதல் ஐட்டத்தோட கடைசி எழுத்து மேல விழுது. அப்புறம் ஸ்டாரை எடுத்ததும் டிஎல் லிஸ்ட்ல (சொல்லும் விளக்கமும் வர்ற லிஸ்ட்) இருக்கற டிடி (dd, விளக்கம் வர்ற வரி) எல்லாம் உள்ள தள்ளிப் போயிருச்சு, பேடிங் 0 எழுதிப் பாத்தேன், அசையவே மாட்டேங்குது.

---

பழையகோடு

ஃப்ளெக்ஸ் போட்டது யூஎல்-க்கு, எல்ஐ இன்னமும் லிஸ்ட்-ஐட்டமாத்தான் இருக்கு, அதனால புள்ளி இடது பக்கம் தொங்கத்தான் செய்யும், அங்க ஏற்கனவே பக்கத்து ஐட்டம் நிக்குது. எல்ஐ-ஓட டிஸ்ப்ளேயை மாத்தினாதான் புள்ளி போகும். மெனுங்கறதால இங்க லிஸ்ட்-ஸ்டைல் நன் தாராளமா போடலாம், நாவ் டேக்குக்குள்ள வெச்சுக்குங்க.

டிடி-க்கு பேடிங் கிடையாது, அது மார்ஜின்-இன்லைன்-ஸ்டார்ட் 40 பிக்சல். மார்ஜினை 0 ஆக்குங்க, நகரும்.